கானல் வள்ளல்களும் கடனில் மூழ்கிய கழகமும்

கால்பந்தைப் பற்றி இவ்விதழில் ஒரு கட்டுரையா என்று புருவம் உயர்த்தும் அன்பர்கள் இருப்பர். மஃரிபுத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியருகே கூடி நிற்கும் நம் இளைஞர்களின் பேச்சுக்குச் சற்றே செவிகொடுத்தால் அவர்களது வியப்பு நீங்கிவிடும். எந்த ஆட்டக்காரர் எந்தக் கழகத்துக்கு மாறுகிறார், எத்தனை கோடிக்கு மாறுகிறார், எந்த ஷைகு எந்தக் கழகத்தை விலை பேசுகிறார் என்பவையே அங்கே பேச்சு. அவர்கள் அணியும் சட்டையின் மார்பில் வளைகுடா நாட்டு விமான நிறுவனத்தின் பெயர் பொறித்திருக்கும். 'இத்திஹாத்' என்னும் அரபுச் சொல்லுக்கு ஒற்றுமை என்று பொருள் என அறியாத பிள்ளையும் மான்செஸ்டர் நகரின் மைதானப் பெயராக அச்சொல்லை நாள்தோறும் உச்சரிக்கிறான். "நம்மவர் வாங்கிவிட்டார்கள்" என்று பெருமை பேசுகிறான். அப்பெருமையைக் கேட்டபோதுதான், இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஒரு துறைமுக நகரத்தின் கதையை எழுத வேண்டும் என்று நமக்குத் தோன்றிற்று.

போர்ட்ஸ்மவுத் என்பது அந்நகரின் பெயர். ஆங்கிலேயக் கடற்படையின் பழம்பெரும் தளம்; கப்பல் கட்டும் துறையில் தலைமுறை தலைமுறையாக உழைத்த மக்கள் வாழும் ஊர். 1898ஆம் ஆண்டு அவ்வூரார் அறுவர் கூடிக் கால்பந்துக் கழகம் ஒன்றைத் தொடங்கினர். அவர்களுள் முதன்மையானவர் ஜான் பிரிக்வுட் என்னும் மது வடிப்பாலை அதிபர். செல்வரின் கை தொடக்க நாளிலேயே கழகத்தின்மேல் இருந்தது என்பதை இதனால் அறிகிறோம். ஆயினும் அச்செல்வர் அதே ஊர்க்காரர். காலையில் எழுந்தால் அதே தெருவில் நடக்க வேண்டியவர். நட்டம் நேர்ந்தால் ஊரார் முகத்தில் விழிக்க வேண்டியவர். இவ்வேறுபாடு பின்னர்ப் பெரிதாகத் தெரியவரும்.

கழகம் வளர்ந்தது. 1939இல் வுல்வர்ஹாம்ப்டன் அணியை 4-1 என்று வென்று இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையைக் கைப்பற்றியது. உடனே உலகப்போர் மூண்டு போட்டி நின்றுபோனதால், 1946 வரை ஏழாண்டுகள் கோப்பை அவ்வூரிலேயே தங்கிவிட்டது. 1949, 1950 ஆகிய ஈராண்டுகளிலும் நாட்டின் முதற்பிரிவு வாகையையும் சூடினர். அதன்பின் ஏற்றமும் இறக்கமுமாய்ப் பல பதிற்றாண்டுகள் கழிந்தன. 1998இல், நூற்றாண்டு விழா கொண்டாட வேண்டிய ஆண்டிலேயே, கடன் முற்றிக் கழகம் நிருவாகியின் கைக்குப் போயிற்று. கடனைத் திருப்பித் தர இயலாத நிறுவனத்தின் சாவியை வெளியாளாகிய கணக்கர் ஒருவரிடம் சட்டப்படி ஒப்படைப்பதற்கு அங்கே அவ்வாறு பெயர். மறு ஆண்டு மிலான் மண்டாரிச் என்னும் செர்பிய வழி அமெரிக்க வணிகர் வந்து மீட்டார். 2003இல் கழகம் பிரீமியர் லீக் என்னும் உச்சப் பிரிவில் நுழைந்தது.

இங்கே பொருளாதாரத்தைச் சிறிது விளக்க வேண்டும். உச்சப் பிரிவுக் கழகத்துக்கு வருமானம் வரும் வழிகளுள் முதன்மையானது தொலைக்காட்சி ஒளிபரப்புப் பங்கு. அப்பிரிவிலிருந்து கீழே இறங்கினால் அப்பங்கு பேரளவில் சுருங்கிவிடும். ஆகவே இறங்காதிருக்க நல்ல ஆட்டக்காரர் வேண்டும். நல்ல ஆட்டக்காரருக்குப் பெருஞ்சம்பளம் வேண்டும். சம்பளத்துக்குக் கடன் வேண்டும். அன்றியும், ஓர் ஆட்டக்காரரை மற்றொரு கழகத்திடமிருந்து பெறும்போது விலை முழுவதையும் ஒரே நாளில் எண்ணிக் கொடுப்பது அரிது, தவணையாகக் கொடுப்பர். நாளை வரப்போகும் ஒளிபரப்புப் பணத்தை நம்பி இன்று ஆள் எடுப்பதே வழக்கமாயிற்று. நீருக்குள் திரியும் மீனையும் வானில் பறக்கும் பறவையையும் விற்றலாகாது என்று நம் ஃபிக்ஹு நூலார் 'ஃகரர்' என்னும் பாடத்தில் சொல்லும் எடுத்துக்காட்டுகள் நினைவுக்கு வருகின்றன. பிடிக்காத மீனை வைத்துப் பந்தி போட்டவர்கள் இவர்கள்.

2006இல் மண்டாரிச்சிடமிருந்து கழகம் அலெக்சாண்டர் கைதமாக் என்னும் இளஞ்செல்வரின் கைக்கு வந்தது. அதன்பின் வந்த ஈராண்டுகள் போர்ட்ஸ்மவுத் மக்களுக்குக் கனவுக் காலம். ஏறத்தாழ 20,000 பேர் மட்டுமே அமரக்கூடிய ஃபிராட்டன் பார்க் என்னும் பழைய மைதானம். அதில் உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள். கானா நாட்டு முஸ்லிமான சுல்லி முந்தாரி அங்கே ஆடினார். மாலி வழிவந்த பிரெஞ்சு முஸ்லிமான லஸ்ஸானா தியாராவும் ஆடினார். 2008 மார்ச்சில் மான்செஸ்டர் யுனைடெட் அணியை அதன் சொந்த மண்ணிலேயே வீழ்த்திய ஒற்றைக் கோல் முந்தாரி உதைத்த பெனால்டிதான். எதிரணியின் காவலர் காயமுற்று, அவருக்குப் பதில் வந்தவரும் வெளியேற்றப்பட, பின்வரிசை ஆட்டக்காரர் ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு கோல் காத்து நின்ற வேடிக்கை அன்று நடந்தது. அவ்வாண்டு மே 17ஆம் நாள் கார்டிஃப் அணியை 1-0 என்று வென்று, 69 ஆண்டுகளுக்குப் பின் எஃப்.ஏ. கோப்பை மீண்டும் அவ்வூருக்கு வந்தது. நவம்பரில் இத்தாலியின் புகழ்பெற்ற மிலான் அணியே அச்சிறு மைதானத்துக்கு வந்து 2-2 என்று சமன் செய்து திரும்பியது.

அக்காலத்தில் கழகத்தின் வருமானத்தில் முக்கால் பங்குக்குமேல் சம்பளமாகவே போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்டவர் யார்? கோப்பை வந்த வீட்டில் கணக்குக் கேட்பவன் விரும்பத்தகாதவன் ஆகிறான். "அடுத்து யாரை வாங்கப் போகிறோம்?" என்று கேட்டவர் ஆயிரம் பேர். "யாருடைய பணத்தில் வாங்குகிறோம்?" என்று கேட்டவர் மிகச் சிலர்.

2008இன் இறுதியில் உலகமெங்கும் வங்கிகள் தள்ளாடின. கைதமாக் பணம் இறைப்பதை நிறுத்திக்கொண்டார். முந்தாரி அதற்கு முன்பே இத்தாலிக்குப் போய்விட்டார். 2009 ஜனவரியில் தியாரா ஸ்பெயினுக்குச் சென்றார். டெஃபோ லண்டனுக்குச் சென்றார். வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்று அடுப்பெரிக்கும் நிலை.

இவ்வேளையில்தான் அரபு வள்ளல் ஒருவரின் பெயர் காற்றில் வந்தது. அவர் சுலைமான் அல்ஃபஹீம். ஓராண்டுக்கு முன், 2008 செப்டம்பர் 1ஆம் நாள், அபுதாபிச் செல்வர்கள் மான்செஸ்டர் சிட்டி கழகத்தை வாங்க முற்பட்டபோது அவர்கள் சார்பில் உலகத்தின்முன் பேசியவர் இவரே. அன்றே 3 கோடியே 25 இலட்சம் பவுண்டுக்கு, பிரிட்டனில் அதுவரை எவருக்கும் தரப்படாத விலைக்கு, ரொபின்யோ என்னும் பிரேசில் நாட்டவர் அங்கு வந்து சேர்ந்தார். ரொனால்டோவையும் வாங்குவோம் என்னும் பொருள்படவும் அல்ஃபஹீம் பேசியிருந்தார். ஆதலின் 2009 மே மாதம் அவர் போர்ட்ஸ்மவுத்தை வாங்க ஒப்பினார் என்ற செய்தி வந்ததும் அவ்வூர் மக்கள் எவ்வளவு கனவு கண்டிருப்பர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

ஆனால் மான்செஸ்டரில் பணம் அவருடையதன்று. அவர் பேச்சாளர் மாத்திரமே. அங்கே வாங்கியவர்கள் விரைவில் வேறொருவரைத் தலைவராக அமர்த்தினர். தூதுவனின் மொழியை மன்னனின் கருவூலம் என்று எண்ணிக்கொண்டதே போர்ட்ஸ்மவுத் மக்கள் செய்த பிழை.

நம் முன்னோர் ஹதீஸ் கலையில் செய்த அருஞ்செயல் ஈண்டு நினைக்கத்தக்கது. ஒரு செய்தி வந்தால் அதன் வாசகத்தை மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. அதைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், இருவரும் சந்தித்ததுண்டா, அவர் நினைவாற்றல் எத்தகையது, நாணயம் எத்தகையது என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்த்தனர். அச்சங்கிலிக்கு இஸ்னாத் என்று பெயர். இன்னார் என்று அறியப்படாத அறிவிப்பாளரை 'மஜ்ஹூல்' என்று ஒதுக்கினர். ஆட்டக்காரர் மாறுகிறார் என்று நாள்தோறும் பிறக்கும் வதந்தியில் இந்த இஸ்னாதைத் தேடிப் பாருங்கள். "நெருங்கிய வட்டாரத்தில் சொல்கிறார்கள்" என்பதோடு சங்கிலி அறுந்துவிடும். ஆட்டக்காரரின் முகவர் சம்பளத்தை உயர்த்துவதற்காக அவிழ்த்துவிட்ட வார்த்தையாக இருக்கலாம். விற்கும் கழகம் விலை ஏற்றுவதற்காகக் கசியவிட்டதாகவும் இருக்கலாம். பகலெல்லாம் அறிவிப்பாளர்களின் பெயர் வரிசையை மனனம் செய்யும் நம் மாணவர்களே மாலையில் இத்தகைய வதந்தியைச் சத்தியம் செய்து பேசுவதைக் கண்டு நாம் சிரித்ததுண்டு. சிரிப்போடு போகாத ஒன்றும் இதில் உண்டு. ஆள் வருகிறார் என்ற வதந்தியை நம்பிய அதே மனம்தான் பணம் வருகிறது என்ற வதந்தியையும் நம்புகிறது. அப்பழக்கம் போர்ட்ஸ்மவுத்தில் ஓர் ஊரையே அடகு வைத்தது.

2009 ஆகஸ்டின் இறுதியில் அல்ஃபஹீம் உரிமையாளர் ஆனார். சுமார் ஆறே வாரங்கள். அக்டோபர் முதல் வாரத்தில் கழகத்தின் 90 விழுக்காட்டை அலி அல்ஃபராஜ் என்னும் சவூதி வணிகரின் பெயருக்கு மாற்றிவிட்டார். அதற்குள் அணி லீக்கின் முதல் ஏழு ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. ஆட்டக்காரருக்குச் சம்பளம் நாள் தவறியது. புதிய ஆட்டக்காரரை எடுக்கலாகாது என்று லீக் தடை விதித்தது. புது உரிமையாளரோ மைதானத்தில் ஒருநாளும் காணப்படவில்லை. ஊரார் தம் கழகத்தின் சொந்தக்காரரை ஒளிப்படத்திலன்றிப் பார்த்ததில்லை. கானலை அரபியில் ஸராப் என்போம். தாகித்தவனுக்கு அது தொலைவிலிருந்து தண்ணீராகவே தோன்றும். அறிவிப்பாளர் மஜ்ஹூலாய் இருந்தால் செய்தியைத் தள்ளுவோம். உரிமையாளரே மஜ்ஹூலாய் இருந்தால் எதைத் தள்ளுவது?

கழகங்களை வாங்குவோர் தகுதியும் நேர்மையும் உடையவரா என்று பார்க்கும் சோதனை ஒன்று லீக்கிடம் இருந்தது. அச்சோதனையில் இவர்கள் அனைவரும் தேறினர். நம் ஜர்ஹு, தஃதீல் கலை வல்லுநர் ஒருவரை அங்கே அமர்த்தியிருந்தால் முதல் வாரத்திலேயே கோப்பை மூடியிருப்பார்!

அல்ஃபராஜுக்குக் கடன் கொடுத்தவர் பால்ராம் செயின்ராய் என்னும் ஹாங்காங் வணிகர். கடன் திரும்பாததால் 2010 பிப்ரவரியில் கழகம் அவர் கைக்கு வந்தது. ஒரே ஆட்டப் பருவத்தில் நான்காவது உரிமையாளர். அம்மாதம் 26ஆம் நாள் போர்ட்ஸ்மவுத் மீண்டும் நிருவாகியிடம் ஒப்படைக்கப்பட்டது. பிரீமியர் லீக்கில் இருக்கும்போதே இந்நிலையடைந்த முதற்கழகம் இதுவே. தண்டனையாக 9 புள்ளிகள் குறைக்கப்பட்டன. மார்ச்சில் 85 ஊழியர்கள் வேலை இழந்தனர். ஆட்டக்காரர்கள் ஒப்பந்தத்தால் காக்கப்பட்டவர்கள். வேலை இழந்தோர் அலுவலகத்திலும் பிற பணிகளிலும் இருந்த சாதாரண ஊர்மக்கள்.

பின்னர்க் கடன்காரர் பட்டியல் வெளிவந்தது. மொத்தக் கடன் 10 கோடிப் பவுண்டைத் தாண்டியிருந்தது. அப்பட்டியலில் வங்கியும் வரித்துறையும் முன்னாள் உரிமையாளர்களும் இருந்தனர். ஊர்ச் சிறு வணிகர்கள் இருந்தனர். மைதானத்தில் மயங்கி விழுவோருக்கு முதலுதவி செய்யும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் என்னும் தொண்டு நிறுவனமும் சுமார் 2,700 பவுண்டு வரவேண்டி அதில் நின்றது.

இதைவிட வருத்தும் செய்தி ஒன்றுண்டு. ஒரு கழகம் திவாலானால் மற்றக் கழகங்களுக்கும் ஆட்டக்காரருக்கும் தரவேண்டிய கடனை முழுமையாகத் தீர்க்க வேண்டும் என்பது ஆங்கிலக் கால்பந்து அமைப்புகளின் விதி. எஞ்சியோருக்கு எஞ்சியதே கிடைக்கும். அவ்வாறே வாரந்தோறும் பல்லாயிரம் பவுண்டு பெற்ற ஆட்டக்காரருக்கு முழுத்தொகை உறுதி. ஊர்க் கடைக்காரருக்கு ஒரு பவுண்டுக்கு 20 பென்சு என்று, அதுவும் தவணையில், 2010 ஜூனில் ஒப்பந்தமாயிற்று. வரித்துறை நீதிமன்றம் சென்று வாதாடியும் ஆகஸ்டில் தோற்றது. கடன் பட்டு இறந்தவரின் ஜனாஸாவுக்குத் தொழுகை நடத்தப் பெருமானார் (ஸல்) அவர்கள் தயங்கிய நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்த நமக்கு, வலியவனின் கடன் முந்தவும் எளியவனின் கடன் தேயவும் வகைசெய்யும் இவ்விதி உறுத்தாமல் இராது.

அப்பருவத்தின் ஏப்ரல் மாதத்தில் இரண்டு நாட்கள் வந்தன. 10ஆம் நாள் சனிக்கிழமை, வேறோர் ஊரில் நடந்த ஆட்டத்தின் முடிவால் போர்ட்ஸ்மவுத் உச்சப் பிரிவிலிருந்து இறங்குவது உறுதியாயிற்று. மறுநாள் ஞாயிறன்று எஃப்.ஏ. கோப்பையின் அரையிறுதியில் டாட்டன்ஹாம் அணியை 2-0 என்று வென்றது அதே அணி! இதிலும் ஒரு வினோதம்: போர்ட்ஸ்மவுத்தில் ஆடிய சிலரைக் கடந்த பதினைந்து மாதங்களில் வாங்கிச் சென்ற கழகம்தான் டாட்டன்ஹாம். இறுதியாட்டத்தில் எதிரே நின்றது அப்ரமோவிச் என்னும் ரஷ்யப் பெருஞ்செல்வரின் செல்சி. பெனால்டி வாய்ப்பு வந்தும் தவறியது. 0-1 என்று தோற்றனர். ஊதியம் உறுதியில்லாத நாட்களிலும் பாடுவதை நிறுத்தாத அவ்வூர் இரசிகர்களைப் பற்றி அன்று இங்கிலாந்தே பேசிற்று.

பின்னும் பாடம் முடியவில்லை. 2011இல் விளாதிமிர் அந்தோனோவ் என்னும் ரஷ்ய வங்கியாளரின் நிறுவனம் கழகத்தை வாங்கியது. நவம்பரில் லிதுவேனியாவில் அவரது வங்கி வீழ்ந்தது. 2012 பிப்ரவரியில் கழகம் மறுபடியும் நிருவாகியிடம். 10 புள்ளிகள் குறைப்பு, இறக்கம், மீண்டும் 10 புள்ளிகள், மீண்டும் இறக்கம். மூத்த ஆட்டக்காரர் அனைவரும் போய்விட, சிறுவரையும் குறுங்கால ஒப்பந்தக்காரரையும் கொண்டு ஆடினர். தொடர்ந்து 23 ஆட்டங்களில் வெற்றியின்றி நின்ற பருவத்திலும் ஏறத்தாழ 12,000 பேர் சராசரியாக வந்து பார்த்தனர். 2010இல் முதற்பிரிவில் இருந்த கழகம் 2013இல் நான்காம் பிரிவில் கிடந்தது.

அப்போதுதான் இரசிகர்கள் வேறு வகையில் எழுந்தனர். இரசிகர் அறக்கட்டளை ஒன்றை அமைத்து, ஒரு பங்கு 1,000 பவுண்டு என்று விலை வைத்தனர். ஒருவரால் இயலாத இடத்தில் பலர் சேர்ந்து ஒரு பங்கு எடுத்தனர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பங்குகள் சேர்ந்தன. ஊரைச் சேர்ந்த சில வசதி படைத்தோரும் பெருந்தொகை இட்டனர். நகர மன்றம் கடன் தந்தது. மைதானத்தின்மீது பழைய கடன்காரருக்கு இருந்த அடமானம் தடையாய் நிற்க, வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. 30 இலட்சம் பவுண்டு என்று மைதானத்துக்கு விலை தீர்ந்து, 2013 ஏப்ரல் 19ஆம் நாள் கழகம் இரசிகர் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டிலேயே பழைய கடன்கள் அடைபட்டன.

வக்ஃபு என்னும் ஏற்பாட்டை அறிந்த நமக்கு இதில் ஒரு சாயல் தெரிகிறது. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள் அறத்துக்கு விட்டபோது, மூலப்பொருள் நிற்கவும் பயன் மட்டும் மக்களுக்குப் போகவும் ஏற்பாடு செய்யப்பட்டது. அதை விற்றலாகாது, அன்பளிப்புச் செய்தலாகாது, வாரிசு பங்கிடலாகாது. முத்தவல்லி எத்தனை பெரிய செல்வராயினும் அவர் சொந்தக்காரர் அல்லர், அமானிதம் காப்பவர். நம் மஹல்லாக்களிலும் முத்தவல்லி தம்மைச் சொந்தக்காரர் என்று எண்ணத் தொடங்கிய இடத்தில் என்ன நேர்ந்தது என்பதை இக்கட்டுரை படிப்போர் ஒவ்வொருவரும் ஓர் ஊரையாவது சொல்லி விளக்க வல்லவர். கால்பந்துக் கழகம் பள்ளிவாசலாகாது. அதை அதனோடு நிகர்வைக்க நாம் முனையவில்லை. ஆனால் பத்திரத்தில் ஒருவர் பெயர் இருக்க, பாட்டன் தந்தை மகன் என்று மூன்று தலைமுறையின் பற்று பத்திரத்தில் ஏறாமல் நிற்கும் பொருள் எதுவாயினும், அதைக் கையாள்பவர் முத்தவல்லியின் மனத்தோடு கையாள வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. போர்ட்ஸ்மவுத்தை வாங்கி விற்றவர்களுள் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் இருவர் இருந்தனர். வக்ஃபின் இலக்கணம் அவர்கள் வீட்டுச் சொத்து. பெயரைக் கேட்டு நம் இளைஞர் கொள்ளும் பெருமையைக் கணக்கேட்டின்முன் நிறுத்திப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

எல்லா அரபுச் செல்வரும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. அபுதாபியார் மான்செஸ்டரில் சொன்ன பணத்தைக் கொட்டினர். 2012இல் அக்கழகம் 44 ஆண்டுகளுக்குப் பின் லீக் வாகை சூடியது. ஆயினும், கொட்டுகிற கை என்றைக்கு ஓயும் என்பதை அவ்வூர் இரசிகர் தீர்மானிக்க இயலாது என்பதும் உண்மைதானே.

போர்ட்ஸ்மவுத் கதையின் கடைசிப் பகுதி நம் ஒப்புமையையே சோதிக்கிறது. நான்காண்டுகள் வரவுக்குள் செலவு செய்து, 2017 மே மாதத்தில் நான்காம் பிரிவின் வாகையாளராய் மேலேறியது கழகம். அம்மாதமே பங்குதாரர் முன் ஒரு கேள்வி வந்தது. டிஸ்னி நிறுவனத்தின் முன்னாள் தலைவரான மைக்கேல் ஐஸ்னர் என்னும் அமெரிக்கச் செல்வர், 56 இலட்சத்து 70 ஆயிரம் பவுண்டுக்குக் கழகத்தை வாங்கவும், மேலும் ஒரு கோடிப் பவுண்டு இடவும் முன்வந்தார். பழைய மைதானம் பழுதடைந்திருந்தது. அதைச் செப்பனிடும் பணம் இரசிகரிடம் இல்லை. கூட்டங்கள் நடந்தன. ஐஸ்னரே நேரில் வந்து மக்கள்முன் நின்று விடை சொன்னார். எதிர்த்துப் பேசியோர் இருந்தனர். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பெருவாரியான வாக்குகள் விற்கலாம் என்றன. ஆகஸ்டு மாதம் கழகம் கைமாறியது. கழகத்தின் மரபுகளைக் காக்க இரசிகர் சார்பாளரும் இடம்பெறும் குழு ஒன்று ஒப்பந்தத்திலேயே அமைக்கப்பட்டது.

வக்ஃபுப் பொருளை விற்றலாகாது என்று சற்றுமுன் சொன்னோம். பாழடைந்து பயனற்றுப் போன வக்ஃபை, காழியின் அனுமதியோடு, வேறொன்றாக மாற்றிக்கொள்ளும் 'இஸ்திப்தால்' என்னும் வழியை ஹனஃபி அறிஞர்கள் கடும் நிபந்தனைகளோடு ஒப்பியுள்ளனர். அவ்வூரார் செய்தது அதற்கு நெருங்கியதா, அன்றி வெறும் விற்பனையா என்பதை எண்ணி எண்ணிப் பார்த்தும் நமக்கு ஒரு முடிவு தோன்றவில்லை. ஒன்று மட்டும் தெளிவு: 2009-10 பருவத்தில் அவர்களைக் கேளாமல் கழகம் மூன்று கை மாறிற்று. 2017இல் வாங்க வந்தவர் அவர்கள் கூடிய மண்டபத்தில் எழுந்து நின்று, எவ்வளவு பணம், எங்கிருந்து, எதற்கு என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

2024 ஏப்ரலில் கழகம் மூன்றாம் பிரிவின் வாகை சூடி இரண்டாம் பிரிவுக்கு ஏறியது. அன்றிரவு ஃபிராட்டன் பார்க்கின் புல்வெளியில் இறங்கி ஆடிப்பாடியவர்களுள், பதினோர் ஆண்டுகளுக்கு முன் அயலாரோடு சேர்ந்து ஒரு பங்குக்குப் பணம் இட்டவர்களும் இருந்திருப்பர்.